முதல் ஊர், கடைசி வண்டி

எங்கள் ஆபீஸில் ஒரு காபியை நிம்மதியாகக் குடிக்க வேண்டுமென்றால் ராகு காலம் வரக் காத்திருக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும்போது யாருக்கும் நாற்காலியில் முதுகு பதியாது.

குழாய் என்பது நாங்கள் வைத்த பெயர். டெப்ளாய்மென்ட் பைப்லைன் என்று முழுசாகச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? மாநிலம் முழுவதற்கும் ஆம்புலன்ஸ் அனுப்பி வைக்கிற ‘ஓடிவா’ செயலி எங்களுடையது. அதில் நாள் முழுக்க ஏதாவது ஒரு மாற்றம் வந்துகொண்டே இருக்கும். மாற்றங்களைக்கூட இப்போது மனிதர்கள் அதிகம் எழுதுவதில்லை, மெஷினே எழுதுகிறது. எழுதியதைச் சோதித்து, பெட்டியில் அடைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரை அத்தனையும் குழாயின் வேலை. அதைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. கட்டி முடித்த பிறகு அது ஓடுவதை உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை என்று ஆகிவிட்டது. நம் கையில் எதுவும் இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருப்பது எவ்வளவு படபடப்பான காரியம் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் நகம் கடிக்கும் பழக்கத்தை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

முன்பு குழாயின் வாயில் ஒரு மனிதர் இருந்தார். எங்கள் தலைவர் வரதன் சார். ஒவ்வொரு பெட்டியும் அவர் ‘சரி’ பொத்தானை அழுத்திய பிறகுதான் வெளியே போகும். வெளிநாட்டில் படித்த மனிதர், ஆனால் ராகு காலத்தில் மட்டும் பொத்தானைத் தொடமாட்டார். பாதியில் ஏதாவது சோதனையில் கிடந்தால்கூட ராகு காலம் பிறப்பதற்கு முன் அதைத் திரும்ப எடுத்துவிட்டு, முடிந்த பிறகு மறுபடி அனுப்புவார். “பாதியில கிடக்கிறதை ராகு காலத்துக்குள்ள விடக் கூடாதும்மா” என்பார். எங்கள் வீட்டில் ராகு காலம் பார்க்கும் வழக்கம் இல்லை, நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அதனால் அவரைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பிறகு மேலிடம், ஒரு மனிதர் அழுத்திக்கொண்டிருப்பதால் வேகம் குறைகிறது என்று முடிவு செய்தது. வரதன் சார் பல வருடங்களாக எதற்குச் சரி என்றார், எதற்கு வேண்டாம் என்றார் என்ற முழு விவரத்தையும் குழாய்க்கு ஊட்டி, நீயே கற்றுக்கொள் என்று விட்டார்கள். பொத்தானை எடுத்துவிட்டார்கள். முதல் வாரமே, புதன்கிழமை நண்பகலில் குழாய் நின்றுபோனது. எங்கே அடைப்பு என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். ஒன்றரை மணிக்கு அதுவே ஓடத் தொடங்கியது. மறுநாள் வியாழக்கிழமை, சரியாக ஒன்றரைக்கு மறுபடி நின்றது. வரதன் சார்தான் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து, “என்னால வந்தது” என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. யாரும் அதைச் சரிசெய்யவில்லை. எங்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான்.

யாரும் சொல்லிக்கொடுக்காததையும் அது கற்றுக்கொள்ளும் என்பது எனக்கு அன்று வேடிக்கையாகத்தான் பட்டது.

*

மார்ச் மாதத்தில் என் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது.

கிளமெண்ட் அண்ணன் பனைக்கரையில் மீன் ஏலம் கூறுபவர். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கிற ஊர். அண்ணன் குரல் கொடுத்தால் கடற்கரையின் அந்தக் கோடியில் வலை தைப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருங்கிப் படுத்திருந்தார். ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். டாக்டர் என்னை வெளியே அழைத்து, அடுத்த தடவை வலி வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே வந்தாக வேண்டும், தாமதமானால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். எனக்கு அந்த நிமிடத்திலிருந்து உட்கார முடியவில்லை. அண்ணன்தான் என்னைப் படிக்க வைத்தவர். எனக்கு இருக்கிறது அவர் ஒருவர்தான்.

“ஏட்டி ஜெசிந்தா, நடந்துகிட்டே இருக்காத. தல சுத்துது,” என்றார் அண்ணன். “இங்கன உக்காந்து சொல்லு. நீ அப்படி என்னதான் வேல பாக்க?”

“ஆம்புலன்ஸ் அனுப்புத ஆப்புல மாத்தம் வந்தா அதப் பத்திரமா கொண்டு சேக்கணும்ணே.”

“அத எப்படிக் கொண்டு சேப்பிய?”

“கட்டுச்சோறுன்னு வச்சிக்கோயேன். சோறு, கொழம்பு, உப்பு, தண்ணி எல்லாத்தையும் ஒரே பொட்டலமா கட்டிருவோம். எந்த ஊருல பிரிச்சாலும் ஒரே ருசிதான். இந்த ஊரு தண்ணி சரியில்ல, அந்த ஊரு உப்பு சரியில்லங்கிற பேச்சே வராது. அந்தப் பொட்டலத்துக்குத்தான் கன்டெய்னர்னு பேரு. நாங்க பெட்டிம்போம்.”

“கெட்டுப் போயிருந்தா?”

“எடுத்த எடுப்புல எல்லா ஊருக்கும் குடுக்க மாட்டோம்ணே. மொதல்ல ஒரே ஒரு ஊருல பிரிச்சுப் பாப்போம். நல்லா இருந்தா மத்த ஊருக்கெல்லாம் போவும். கெட்டிருந்தா அதத் திரும்ப எடுத்துட்டு, பழைய பெட்டியவே வச்சிருவோம்.”

அண்ணன் என் பக்கம் திரும்பிப் படுத்தார். “அப்பம் அந்த ஒரு ஊருக்காரன் வயிறு?”

“கொஞ்ச நேரந்தாம்ணே. சட்டுனு எடுத்துருவோம்,” என்றேன். பிறகு பேச்சை மாற்றி, வலி வந்தால் யோசிக்காமல் ஓடிவாவை அமுக்க வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கப் பார்த்தேன். அண்ணன் சரி சரி என்றார். ஸ்டெல்லா மதினி பிளாஸ்கைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அவிய சரின்னுதான் சொல்லுவாவ. எங்கூருல யாரும் அத அமுக்க மாட்டாவ ஜெசிந்தா.”

“ஏன் மதினி?”

“அது வரும். எங்கன வரும்னுதான் தெரியாது. சூசை மாமாவுக்கு நெஞ்சடைக்குன்னு அமுக்குனா அடுத்த ஊரு பள்ளிக்கூடத்துல போய் நிக்கி. ரோசாரிக்குப் பிள்ளவலி வந்தப்ப, வந்துட்டோம் வந்துட்டோம்னு மெசேஜ் மட்டும் வந்துகிட்டு இருந்து.”

“புகார் பண்ணலியா?”

“மொதல்ல பண்ணுனோம். மன்னிச்சுக்கோங்கன்னு வரும். நெறைய மன்னிப்பு வந்து. பொறவு அமுக்குறதையே விட்டுட்டோம்.”

“அப்பம் எப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு வாறிய?”

“கடைசி வண்டி,” என்றார் அண்ணன்.

ஏலக்கூடத்து வாசலில் மீன் ஏற்றும் வேன்கள் வரிசையாக நிற்கும். வரிசையில் கடைசியாக நிற்கிற வேன் லோடு ஏற்றாது. சாவி அதிலேயே தொங்கும். யாருக்காவது முடியவில்லை என்றால் அந்த வேன் கிளம்பும். அது போய்விட்டால் அதற்கு முன்னால் நின்ற வேன் கடைசி வண்டி ஆகிவிடும். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, அப்படியே வழக்கமாகிவிட்டது. அண்ணனும் மீன் வாடையோடு அந்த வேனில்தான் வந்து சேர்ந்திருக்கிறார். நான் அவர் ஓடிவா ஆம்புலன்ஸில் வந்ததாக நினைத்து, ரயிலில் வரும்போது மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

*

சென்னைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகத் திரையில் பனைக்கரையைத் தேடினேன். பச்சை. பளிச்சென்ற பச்சை. அந்த ஊரிலிருந்தும் சுற்றியிருக்கிற கடலோரத்திலிருந்தும் பல மாதங்களாகப் புகார் என்று ஒன்றுகூட இல்லை. எங்கள் கணக்கில் தமிழ்நாட்டிலேயே மிகத் திருப்தியான மக்கள் அவர்கள்தான்.

பிறகு, போன பெட்டிகள் ஒவ்வொன்றும் முதலில் எந்த ஊரில் பிரிக்கப்பட்டது என்று பார்த்தேன். பனைக்கரை. அதற்கு முந்தியது, பனைக்கரை. அதற்கும் முந்தியது, பனைக்கரை. பக்கம் பக்கமாக அதே பெயர். மாநிலம் முழுக்க நாளைக்கு வரப்போகிற ஓடிவாவில் அந்த ஊர் இன்றைக்கே வாழ்ந்துகொண்டிருந்தது. கெட்டுப்போன பெட்டி ஒவ்வொன்றும் அவர்கள் வயிற்றில்தான் இறங்கியிருக்கிறது.

வரதன் சாரைக் காபி மெஷின் அருகில் பிடித்தேன்.

“சார், முதல் ஊரைக் குழாய் எப்படி முடிவு பண்ணுது?”

“எங்க சேதம் கம்மியோ அங்க. நாமதானே அப்படி வச்சோம்.”

“சேதம்னா?”

“புகார். வேற எதை வச்சு அளக்கிறது?”

“பனைக்கரையில யாரும் நம்மளைக் கூப்பிடறதே இல்லை சார். வெளியூர்க்காரங்க யாராவது அந்தப் பக்கம் போறப்ப கூப்பிட்டாத்தான் உண்டு. வண்டி தப்புத் தப்பா வந்துச்சு, விட்டுட்டாங்க. கூப்பிடலைன்னா புகார் இல்லை. புகார் இல்லைன்னா குழாய்க்கு அந்த ஊரை ரொம்பப் பிடிச்சுப் போகுது. இன்னும் நாலு பெட்டியை அங்கயே கொண்டு போய்ப் பிரிக்குது.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “எப்போலேர்ந்து?”

“உங்க பொத்தானை எடுத்த நாள்லேர்ந்து.”

அவர் மோசமான மனிதர் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை போடுவது கஷ்டமாக இருந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“ஜெசிந்தா, நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனா யோசிச்சுப் பாரு. பொய் அழைப்பு வச்சு எவ்வளவு சோதிச்சாலும் நிஜ ரோட்டுலதான் தெரியுது. எத்தனை பெட்டி கெட்டுப்போய்த் திரும்பி வந்திருக்கு. அதெல்லாம் நேரா மதுரைக்கும் சேலத்துக்கும் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? யாராவது ஒருத்தர் முதல்ல வாங்கித்தான் ஆகணும்.”

“எப்பவும் அவங்களேவா சார்? ஒவ்வொரு ஊரா சுத்துல விடலாமே.”

“சுத்துல விட்டா ஒரு நாள் மந்திரி தெருவும் வரும். மேலிடம் ஒத்துக்காது. ஆனா ஊரை மாத்த முடியும். அந்த விதி மட்டும் இன்னும் என் கையிலதான் இருக்கு. பனைக்கரையை எடுத்துடறேன். வேற ஊர் பேர் சொல்லு.”

போனில் மேப்பைத் திறந்து ஊர்களின் மேல் விரலை ஓட்டினேன். எந்த ஊரிலும் விரல் நிற்கவில்லை.

“சொல்லும்மா. மேப்ல எதைக் கை காட்டினாலும் இப்பவே போடறேன். ஆனா பேரை நீதான் சொல்லணும்.”

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து என் மண்டைக்குள் ஊர்ப் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பஸ்ஸில் எதிரே வருகிற பலகைகளைப் படிப்பேன். இந்த ஊரா? டீக்கடையில் ஒருவர் தன் சொந்த ஊரைச் சொன்னால், அந்த ஊரா என்று நினைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொள்வேன். எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே ஒரு கிளமெண்ட் அண்ணன் இருப்பார்.

இதற்குள் ஏப்ரல் பாதி வந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் ஏலம் இல்லை. வேன்களெல்லாம் மாம்பழம் ஏற்றவும் கல்யாணச் சாமான் ஏற்றவும் வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. ஏலக்கூடத்து வாசலில் முதல் வண்டியும் இல்லை, கடைசி வண்டியும் இல்லை. அந்த இரண்டு மாதம் என் அண்ணனுக்கு இருந்தது நாங்கள் கட்டிய குழாய் மட்டும்தான்.

சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று தினமும் போனில் கெஞ்சினேன். “ஒன் வீட்டு பால்கனில நின்னுகிட்டு யாருக்குட்டி ஏலம் கூற?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

*

அன்று புதன்கிழமை. காலை பதினோரு மணி தாண்டியிருந்தது. மதினியிடமிருந்து போன்.

“ஜெசிந்தா, அவியளுக்கு மறுபடி வலிக்கி. வேர்த்துக் கொட்டுது. ஒரு வண்டியும் கெடைக்கல. ஒன் ஆப்பத்தான் அமுக்கிருக்கேன்.”

“வண்டி வருதுன்னு காட்டுதா மதினி?”

“காட்டுது. வந்துட்டோம்னு மெசேஜும் வந்துட்டு.”

ரோசாரிக்கு வந்த அதே மெசேஜ். திரையைத் திறந்தேன். பனைக்கரையில் புதிய பெட்டி ஒன்று அப்போதுதான் பிரிக்கப்பட்டுச் சோதனையில் இருந்தது. குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்து நேரத்தை மிச்சப்படுத்துகிற பெட்டி என்று அதன் குறிப்பு சொன்னது. அண்ணனுக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டை விட்டு உப்பளத்து மண் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பாதை தெரியும். உப்பளங்களைத் தாண்டியதும் ஒரு சின்னப் பாலம் வரும். அது மழையில் இடிந்து எவ்வளவோ காலமாகிறது. சைக்கிள்கூடப் போகாது.

டிரைவருக்குப் போன் செய்ய முடியாது. போன் பேசிக்கொண்டே ஓட்டி ஒரு விபத்து நடந்ததால், வண்டி ஓடும்போது செயலி எல்லா அழைப்பையும் அடைத்துவிடும். அதுவும் நாங்கள் யோசித்து வைத்த நல்ல விதிதான்.

“சார், பனைக்கரையில இருக்கிற பெட்டியைத் திரும்ப எடுங்க.”

என் குரலைக் கேட்டு வரதன் சார் எழுந்து வந்தார். “என்னம்மா?”

“எங்க அண்ணன்.”

அவர் திரையைப் பார்த்தார். வண்டியின் புள்ளி உப்பளத்துக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. “என்னால எடுக்க முடியாதே. பொத்தான் இல்லை. மூணு தப்பு பதிவானா குழாய் தானா எடுத்துடும்.”

“எத்தனை பதிவாகியிருக்கு?”

“ஒண்ணும் இல்லை. உங்க அண்ணனோடதே இன்னும் தப்புன்னு ஆகலை. நேரத்துக்கு வண்டி போய்ச் சேரலைன்னாத்தான் அது தப்பு. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு…”

“குழாயையே நிறுத்துங்க.”

“நிறுத்தினா புதுசா எதுவும் போகாது. போனது போன இடத்துலயேதான் இருக்கும்.”

போனில் மதினி ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லத் தொடங்கியிருந்தார். பின்னால் அண்ணன் முனகுவது கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கை கால்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. மேசையைச் சுற்றி வந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் வரதன் சாரின் நாள்காட்டி.

“சார், புதன்கிழமை ராகு காலம் எப்போ?”

“பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை. இப்ப எதுக்கு…” என்றவர் அப்படியே நின்றார்.

“ராகு காலம் வந்தா பாதியில கிடக்கிறதை நீங்க என்ன பண்ணுவீங்க?”

“திரும்ப எடுத்துடுவேன்.”

“குழாய் என்ன பண்ணும்?”

அவர் யோசித்தார். “புதன்கிழமை பன்னெண்டு மணிக்கு அதுவும் எதையும் பாதியில விட்டு வச்சு நான் பார்த்ததில்லை. ஆனா இப்ப பதினொண்ணேகால்தான் ஆகுது. அவ்வளவு நேரம்…”

“குழாய் ஓடற மெஷின் தனி மெஷின்தானே. அதோட கடிகாரத்தை யார் மாத்தலாம்?”

“நான்.”

வேறு ஒன்றும் கேட்காமல் என் நாற்காலியில் உட்கார்ந்தார். பாஸ்வேர்டை ஒரு தடவை தப்பாக அடித்தார். மறுபடி அடித்தார். வாழ்நாளெல்லாம் ராகு காலத்துக்குப் பயந்து ஒதுங்கிய மனிதர், அன்று அதை வலிய இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தார். மெஷினில் மணி பன்னிரண்டு ஆனது.

ஒன்றும் நடக்கவில்லை. வண்டியின் புள்ளி பாலத்துக்கு அருகே போய் நின்றுவிட்டது. நான் வரதன் சாரின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. திடீரென்று பனைக்கரையின் பச்சை மஞ்சளானது. ‘திரும்பப் பெறப்படுகிறது’ என்ற எழுத்து வந்தது. பழைய பெட்டி அதன் இடத்துக்கு வந்தது. புள்ளிக்கு முன்னால் மெயின் ரோட்டு வழியாக ஒரு புதிய கோடு விழுந்தது. வண்டி திரும்பியது.

*

அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது. இதயத்தின் தசையில் ஒரு பகுதி இறந்துவிட்டது என்றார் டாக்டர். படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசவே கூடாது. தடைக்காலம் முடிந்து படகுகள் கரைக்கு வந்த அன்று ஏலத்தை வேறொருவர் கூறினார். அண்ணன் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். “வெலய எறக்கிட்டாம்ட்டி, வஞ்சிரத்துக்கு இன்னும் ஏத்திருக்கலாம்,” என்று போனில் மெல்லிய குரலில் சொன்னார். ஒரு காலத்தில் கடற்கரையை நிமிர வைத்த குரல். நான் போனை வைத்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன்.

கடிகாரத்தை மாற்றியது யார் என்று மேலிடம் கேட்டபோது வரதன் சார் தான்தான் என்றார். திட்டினார்கள், எச்சரித்தார்கள், விட்டுவிட்டார்கள். மறுநாள் அவர் என்னை அழைத்தார்.

“அன்னிக்கு வேற ஊர் பேர் கேட்டேன். நீ இன்னும் சொல்லலை.”

“இப்ப சொல்றேன் சார். எழுதிக்குங்க. பெருங்குடி. வேளச்சேரி. ஆதம்பாக்கம். இந்த ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒவ்வொருத்தர் வீடும் எந்தத் தெருவில இருக்கோ, அந்தத் தெரு.”

அவர் பேனாவைத் திறக்கவில்லை. “ஆதம்பாக்கத்துல எங்க அம்மா இருக்காங்க. மூச்சுத்திணறல். ராத்திரி ஆனா…”

“தெரியும் சார். பனைக்கரையில எங்க அண்ணன் இருக்கார்.”

அவர் பேனாவை மேசை மேல் வைத்தார்.

“சமைச்சவங்கதானே சார் முதல்ல வாயில வச்சுப் பார்க்கணும்,” என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை பார்த்தபோது, நான் சொன்ன தெருக்கள்தான் ‘முதல் ஊர்’ ஆகியிருந்தன. மேலிடத்திடம், செயலியைப் புரிந்துகொண்டவர்கள் வீட்டருகே சோதித்தால் பிழைகள் சீக்கிரம் தெரியும், வேகம் கூடும் என்று அவர் விளக்கம் எழுதியிருந்தார். வேகம் என்ற சொல்லைப் பார்த்ததும் அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தங்கள் தெருக்கள் மட்டும் அதில் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

வேகம் கூடவில்லை. மெஷின் எழுதிக் கொடுக்கிற மாற்றத்தை இதுவரை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை, இப்போது ஒவ்வொருவரும் வரி வரியாகப் படிக்கிறார்கள். இது நாளைக்குப் போனால் போதாதா, இது உண்மையிலேயே தேவையா என்று கேட்கிறார்கள். ‘சரி’ பொத்தானைத் திரும்ப வைக்கச் சொல்லி வரதன் சாரே மேலிடத்துக்கு எழுதினார், வைத்தார்கள். ஒரு பெட்டி போவதற்கு முன் அவர் மூன்று தடவை எழுந்து நடந்துவிட்டு வருகிறார். ஒவ்வொரு நாளும் அவருக்கு முழு நாளும் ராகு காலம்தான். நானும் அப்படித்தான் இருக்கிறேன். என் வீடு இருக்கிற வேளச்சேரியில் எந்த சைரன் கேட்டாலும் ஜன்னலுக்கு ஓடுகிறேன், அது சரியான தெருவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிறேன்.

பனைக்கரையில் இப்போது ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வருகிறது. நான் மதினியிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவர்கள் கடைசி வண்டியை மட்டும் விடவில்லை.

நேற்று மத்தியானம் வரதன் சார் இரண்டு காபியோடு என் மேசைக்கு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். ராகு காலம் இல்லை. சுற்றிலும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஜெசிந்தா, ஆதம்பாக்கத்துல எங்க தெரு முனையில ஒரு ஆட்டோ ஸ்டாண்ட் இருக்கு.”

“சரி சார்.”

“உங்க ஊர்ல கடைசி வண்டின்னு சொன்னியே. அதை எப்படி ஏற்பாடு பண்ணினாங்க?”

நான் அவரைப் பார்த்தேன். மாநிலத்துக்கே ஆம்புலன்ஸ் அனுப்புகிற மனிதர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“கடைசியா நிக்கிறவர் சவாரி ஏத்த மாட்டார் சார். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஆனா ஸ்டாண்ட்ல இருக்கிற எல்லாரும் ஒத்துக்கணும்.”

அவர் தலையாட்டினார். காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, யாரிடம் முதலில் பேசுவது என்று யோசிக்கத் தொடங்கினார்.